மீண்டும் கேட்ட குரல்

எழுத்து ஏட்டில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். இசையோ பிறந்த கணத்திலேயே காற்றோடு கலந்து மறையும். பண்டைநாளில் பாணர் பலர் பாடிப் புகழ் பெற்றனர். அவர்தம் புகழ் நம்மை வந்து சேர்ந்தது; குரல் வந்து சேரவில்லை. இக்குறையைத் தீர்க்க வந்ததே இசைத்தட்டு.

1877 ஆம் ஆண்டில் எடிசன் என்னும் அமெரிக்க அறிஞர், உருளையின்மேல் சுற்றிய மெல்லிய உலோகத் தகட்டில் ஒலியைப் பதித்து, அதனை மீண்டும் ஒலிக்கச் செய்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், எமில் பெர்லினர் என்பவர் வட்டத் தட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டார். 1902 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் பாட்டு இவ்வாறு பதிவாயிற்று.

அக்காலத்துத் தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. கைதவறி விழுந்தால் உடைந்துவிடும். பாட்டின் அதிர்வுக்கேற்ப நெளிந்து செல்லும் நுண்ணிய பள்ளம் ஒன்று தட்டின்மேல் சுற்றிச் சுற்றிச் செல்லும். கிராமபோன் பெட்டியின் விசையை முறுக்கிவிட்டால், தட்டு ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும். பள்ளத்தில் ஊர்ந்து செல்லும் ஊசியின் அதிர்வு பாட்டாக வெளிப்படும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும்.

தமிழகத்தில் அவ்வாறு புகழ் பரப்பியவருள் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா ஒருவர். 1906 ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளமையிலேயே நாடக மேடை ஏறினார். ஒலிபெருக்கியின் துணையின்றியே கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டும் உச்சக் குரல் அவருடையது. 1933 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 27 ஆம் வயதில் அவர் மறைந்தார். குரல் மட்டும் தட்டுகளில் எஞ்சியது.

தனுஷ்கோடியில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் அத்தட்டுகளுள் ஒன்றை ஆர்வத்தோடு வாங்கினார். இலங்கைக்குக் கப்பல் ஏறுவோரால் அவ்வூர் நிறைந்திருந்த காலம் அது. தட்டு வீட்டிற்கு வந்த அன்றே, அதனை ஒலிக்கச் செய்யுமுன், தங்கையின் கை தவறி அதில் ஒரு கீறல் விழுந்தது. அவ்விடம் வரும்போதெல்லாம் ஊசி ஒரு சுற்றுத் தாண்டிவிடும். பாட்டில் ஒரு சொல் மறைந்துபோகும். இளைஞரோ அந்தக் குறையோடேயே பாட்டை மனப்பாடம் செய்து, மாலைதோறும் கடற்கரையில் பாடி மகிழ்ந்தார்.

ஆண்டுகள் பல கழிந்தன. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு பெரும்புயல் அடித்தது. பொங்கி எழுந்த கடல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த புகைவண்டியையும் அது விடவில்லை. தாயின் மருத்துவத்தின்பொருட்டுக் குடும்பத்தோடு இராமநாதபுரம் சென்றிருந்தமையால் அவர் உயிர் பிழைத்தார். ஆயினும் வீடு இல்லை, பெட்டி இல்லை, தட்டும் இல்லை. உயிரிழந்த ஊராரை எண்ணுந்தோறும், தட்டுக்காக வருந்தவும் அவர் நாணினார்.

சில ஆண்டுகளுக்குப் பின், இராமநாதபுரத்தில் நண்பர் ஒருவர் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்யும்போது அதே பாட்டின் தட்டு ஒன்று கிடைத்தது. தூசியைத் துடைத்து ஊசியை வைத்தனர். முதியவர் கண்ணை மூடிக் கேட்டார். பழக்கமான இடம் நெருங்கியது. ஊசி தாண்டுமென்று அவர் உள்ளம் காத்திருந்தது. ஊசி தாண்டவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேளாத சொல்லை அன்றே கேட்டார்!

இளமையில் உச்சக் குரலின் வேகமே அவரைக் கவர்ந்தது. இப்போதோ, பாடகர் மூச்சு வாங்கும் சிறு இடைவெளியும், சொல்லைச் சிதையாமல் ஒலிக்கும் செம்மையும் அவர் செவிக்குப் புலனாயின. அன்று தமக்கு மூத்தவராகத் தோன்றிய கலைஞர், இன்று தம் மகனினும் இளையவராகத் தோன்றினார். தட்டு மாறவில்லை, கேட்டவரே மாறியிருந்தார்.

"இதனை நீரே கொண்டுசெல்லும்" என்றார் நண்பர்.

"வேண்டா; இது இங்கேயே இருக்கட்டும். ஒலிநாடாவில் ஒரு படி எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஊரில் இருந்தால், ஒரு புயல் இரண்டையும் கொண்டுபோகாது அல்லவா?" என்றார் முதியவர்.

ஓலைச்சுவடிகளின் வரலாறும் இதுவே. பல ஊர்களில் படியெடுத்து வைத்த நூல்கள் பிழைத்தன. ஒரே வீட்டில் அடைபட்டவற்றுள் பல செல்லுக்கும் தீக்கும் இரையாயின. நம் இல்லங்களின் பரணிலும் பழந்தட்டுகள் இருத்தல் கூடும். அவற்றை வெயில் படாமல் நிமிர்த்தி வைத்தலும், படியெடுத்துப் பலர்க்கும் கேட்பித்தலும் நம் கடனாகும். இன்று நமக்குப் பழம்பொருளாகத் தோன்றுவது, ஒருவர் தம் இளமையில் கேட்கத் தவறிய சொல்லைத் தாங்கி நிற்கலாம்.