தவறான விடைக்குத்தான் அவன் சிரித்தான்

என் இரண்டாம் வகுப்பில் ஒரு மாணவன். கவின் என்று வைத்துக்கொள்வோம். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தை. ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாகச் சொல்வான். ஆனால், "மூணு புளியங்கொட்டை எடுத்துக் குடு" என்றால் கை நிறைய அள்ளித் தருவான். அவனுக்காகக் கைக்கணினியில் எண்கள் கற்பிக்கும் செயலி ஒன்றைத் தரவிறக்கினேன். வண்ணமும் பாட்டுமாக இருந்தது. பயன்படுத்தியவர்கள் அள்ளி வழங்கிய நட்சத்திரங்களும் இருந்தன. கவின் அரை மணி நேரம் இடத்தை விட்டு எழவில்லை. நல்ல செயலி கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடைந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் புளியங்கொட்டைகளை மீண்டும் முன்னால் வைத்தேன். அப்போதும் கை நிறைய அள்ளித் தந்தான்.

அந்த வாரம் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர், அவன் அருகில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், இவன் வேணும்னே தப்பான விடையைத் தொடுறான். தப்பாத் தொட்டா பலூன் டமால்னு வெடிக்குது. சரியாத் தொட்டா ஒரு டிக் மட்டும்தான் வருது."

திரையை விட்டு எழாமல் இருந்ததையே கற்றல் என்று நான் எண்ணியிருந்தேன். கவினின் ஆறு வாரம் போய்விட்டது. அதன் பிறகு செயலிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

முதலில் இலக்கு, பிறகு செயலி

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியன அதில் உள்ளன. ஆனால் ஒரே வகையில் வரும் இரு குழந்தைகளின் தேவைகூட ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே 'ஆட்டிசம் குழந்தைகளுக்கானது' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்க முடியாது.

இப்போது நான் செயலியைத் தேடும் முன் ஒரே ஒரு வரி எழுதுகிறேன். கவினுக்கு எழுதியது இது: 'ஐந்துக்குள் எந்த எண்ணைச் சொன்னாலும் அத்தனை பொருள்களை எடுத்துத் தருவான்.' கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய இலக்காக அது இருக்க வேண்டும். குழந்தையின் தனிநபர் கல்வித் திட்டத்திலிருந்து அதை எடுப்பது நல்லது. அந்த இலக்குக்கு உதவாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நாமே முதலில் மாணவராக

குழந்தையிடம் கொடுக்கும் முன் பதினைந்து நிமிடம் நாமே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். நான் கவனிப்பவை இவை:

1. வேண்டுமென்றே மூன்று தவறான விடை தருகிறேன். தவறுக்கு வேடிக்கையான சத்தமோ, அச்சுறுத்தும் ஒலியோ வரக்கூடாது. அமைதியாக இன்னொரு வாய்ப்பும் சிறு குறிப்பும் கிடைக்க வேண்டும்.

2. பின்னணி இசை, அசையும் படங்கள், நேரக் கணக்கு ஆகியவற்றை நிறுத்த முடிகிறதா? ஒலிக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கும், பதில் சொல்லக் கூடுதல் நேரம் தேவைப்படும் குழந்தைக்கும் இது முக்கியம்.

3. விரல் போதுமா? மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குத் திரையில் ஒன்றைப் பிடித்து இழுப்பது கடினம். பெரிய பொத்தான், ஒரே தொடுதல், உள்ளங்கை பட்டால் தவறாகாத அமைப்பு ஆகியவை வேண்டும்.

4. மொழியும் படமும் குழந்தையுடையவையா? ல, ள, ழ ஒலிகள் தெளிவாக ஒலிக்கின்றனவா? பனிவீடும் பனிமனிதனும் நம் குழந்தைக்குப் புதிர். நாமே எடுத்த படத்தையும் நம் குரலையும் சேர்க்க முடிந்தால், அவன் வீட்டுக் குடத்தையும் அவன் அம்மாவின் குரலையும் சேர்க்கலாம்.

5. விளம்பரம் வருகிறதா? இணையம் இல்லாமல் இயங்குமா? குழந்தையின் பெயர், படம் போன்றவற்றைக் கேட்கிறதா? ஒரே செயலியிலேயே இருக்கும்படி பூட்டும் வசதி ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டிலும் உண்டு. அமைப்புகளில் தேடி இயக்கிக்கொள்ளலாம்.

பேச உதவும் செயலி வேறு

பயிற்சிக்கான செயலிகளுடன், படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை ஒலிக்கும் தொடர்புச் செயலிகளைச் சேர்த்துவிடக்கூடாது. சென்னையில் உருவான ஆவாஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இன்னும் பேச வராத குழந்தைக்கு இது விளையாட்டுப் பொருள் அல்ல, அதுதான் அவள் குரல். எனவே அடம்பிடித்தாள் என்று பிடுங்கி வைப்பதும், பாடவேளை முடிந்ததும் அலமாரியில் பூட்டுவதும் தவறு. 'தண்ணீர்', 'போதும்', 'வேண்டாம்', 'வலிக்கிறது' என்பவை நாள் முழுதும் தேவைப்படும் சொற்கள். நாமும் பேசும்போது அந்தப் படங்களைத் தொட்டுக் காட்டினால்தான் அவள் கற்றுக்கொள்வாள்.

"இதைக் குடுத்தா அப்புறம் பேசவே மாட்டாளே?" என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. இதுபற்றிய முந்தைய ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரை ஒன்று 2006இல் வெளியானது. வலுவான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோரிடம் சிறிதளவேனும் கூடியிருந்தது. இதைப் பெற்றோரிடம் தயங்காமல் சொல்லலாம். எந்தச் செயலி, எத்தனை படங்கள் என்பதைச் சிறப்புப் பயிற்றுநருடனும் பேச்சுப் பயிற்சியாளருடனும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

திரைக்கு வெளியே

கவினுக்கு அடுத்து எடுத்த செயலி பார்க்கச் சாதாரணமானது. ஒரு பொருளைத் தொட்டால் ஒரு எண் ஒலிக்கும், அவ்வளவுதான். நாளுக்குப் பத்து நிமிடம், நான் அருகில் அமர்ந்திருக்க. உடனே அதே எண்ணிக்கையைப் புளியங்கொட்டையில் ஐந்து முறை கேட்பேன். எத்தனை முறை சரி என்று குறிப்பேட்டில் தேதியுடன் எழுதுவேன். முதல் நாள் ஒன்றுகூடச் சரியில்லை. இரண்டாம் வார முடிவில் மூன்று சரி. இரண்டு வாரமாகியும் கொட்டையில் மாற்றம் தெரியவில்லை என்றால், குழந்தையைக் குறை சொல்லாமல் செயலியை மாற்ற வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

ஒருநாள் மதிய உணவு நேரம். தன் வரிசையில் இருந்த நான்கு பேருக்கும் தட்டு எடுத்துவரச் சொன்னேன். கவின் ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணிவிட்டுப் போனான். நான்கு தட்டுடன் வந்தான். பிறகு ஒரு கணம் நின்று யோசித்து, திரும்பிப் போய்த் தனக்கும் ஒன்று எடுத்துவந்தான்.

உங்கள் வகுப்புக் கைக்கணினியில் இப்போது இருக்கும் செயலி ஒன்றை நாளை திறந்து, வேண்டுமென்றே மூன்று தவறான விடை கொடுத்துப் பாருங்கள். அது உங்களைச் சிரிக்க வைக்கிறதா, கற்க வைக்கிறதா என்று தெரிந்துவிடும்.