சாயம் இல்லை என்று நிரூபித்தும் சாப்பிடாதவர்கள்

2025 கோடையில் திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி போட்ட விவசாயிகள் பட்ட பாடு ஊரறிந்தது. பழத்துக்குள் ஊசியால் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு சரியாக அறுவடை நேரத்தில் பரவி, விலை விழுந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தோட்டக்கலைத் துறை விளக்கிய பிறகும் வாங்குகிறவர்கள் தயங்கினார்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உணவு ஆலோசனை சொல்லும் வேலை எனக்கு. அந்தப் பேச்சு என்னிடம் வரும் சில பிள்ளைகளை வேறு விதமாகத் தாக்கியது. ஏற்கெனவே சாப்பாட்டைக் குறைத்து மெலிந்திருந்தவர்கள் அவர்கள். தர்பூசணியை விட்டார்கள், பிறகு திராட்சை, தக்காளி, பால், கோழிக்கறி என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து போனது. சுத்தமாகச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பே முற்றி ஆளை ஒடுக்குவதற்கு 1997-ல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 'ஆர்த்தோரெக்ஸியா' என்று பெயர் வைத்தார். மனநல மருத்துவப் பட்டியலில் அதற்கு இன்னும் தனி இடம் இல்லை. ஆனால் வீட்டில் அது என்ன செய்யும் என்பதைப் பெற்ற தாயிடம் கேட்டால் தெரியும்.

இந்தப் பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்த மாவட்டம் இது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் இருந்ததால் பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசே தடை செய்தது. மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். இருந்தும் அவ்வப்போது பிடிபடுகிறது. இவ்வளவையும் பார்த்து வளர்ந்த பிள்ளை பயப்படுவதற்குக் காரணம் உண்டு. காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவள் நம் முகத்தையே பார்ப்பாள்.

ஒப்புக்கொண்டதும் அடுத்து விவாதத்தில் இறங்கத் தோன்றும். அதைத்தான் தவிர்க்க வேண்டும். தர்பூசணியின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி என்றும், ஊசி குத்திய பழம் சீக்கிரம் அழுகிவிடும் என்றும் விளக்கலாம். கேட்டுக்கொள்வாள். அடுத்த பழத்துக்கு மறுபடி கேட்பாள். திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், ஒவ்வொரு துண்டையும் வெள்ளைப் பஞ்சால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பஞ்சில் சாயம் ஒட்டவில்லை என்றால், ஓரத்தில் ஒட்டியிருக்குமோ என்று இன்னொரு பஞ்சு எடுப்பாள். "உப்புத் தண்ணியில போட்டியாம்மா? எவ்வளவு நேரம் போட்ட?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், தாயும் சத்தியம் செய்யாத குறையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு பதிலும் அந்த நிமிடத்துக்கு ஆறுதல் தந்து, அடுத்த கேள்விக்குத் தீனியாகும். அதனால் தாய்க்கு ஒரே வாசகம் சொல்லிக்கொடுத்தேன்: "இதுக்கு நேத்தே பதில் சொல்லிட்டேன் கண்ணு. வா, சேர்ந்து சாப்பிடலாம்." கோபமில்லாமல், குரல் உயர்த்தாமல், அதே வார்த்தை. முதலில் அழுகையும் சண்டையும் இருக்கும். தாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இதெல்லாம் வயிறு காய்ந்திருக்கும்வரை பலிக்காது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். மனக்கோளாறு எதுவும் இல்லாதவர்கள். அவர்களே சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல், தட்டில் இருப்பதை அளைந்து அளைந்து மணிக்கணக்கில் உண்பவர்களாக மாறினார்கள். பட்டினியே மனதை இறுக்கும். ஆகவே பயமில்லாத உணவு எதுவோ, அதை வேளை தவறாமல் கொடுப்பதுதான் முதல் வேலை. கஞ்சியும் இட்லியும்தான் என்றால் கஞ்சியும் இட்லியுமே. கஞ்சியில் தேங்காய்ப்பால், இட்லிக்கு நல்லெண்ணெய் என்று அவளுக்குத் தெரிந்தே சேர்க்கச் சொல்வேன். ஒளித்து வைத்து ஊட்டினால் ஒரு நாள் கண்டுபிடிப்பாள். அன்றோடு நம்பிக்கை போய்விடும்.

உண்மையான நஞ்சைப் பற்றியும் மறைக்கக் கூடாது. நம் பக்கத்து விளைச்சலான மணிலாவை (வேர்க்கடலையை) எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் உருவாகும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. அதற்கு வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பூஞ்சை பிடித்ததையும் சுருங்கியதையும் கசப்பதையும் பொறுக்கி எறிவது. பழத்தையும் காயையும் குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை கழுவினால் போதும். இதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்து, அதற்கு மேல் மஞ்சள் தண்ணீர், வெந்நீர், இரண்டாம் கழுவல் எதுவும் இல்லை என்று நிறுத்திவிட வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கு எந்த அளவு கவனமோ, அவளுக்கும் அதே அளவு.

உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, பயந்த உணவுகளை லேசானதிலிருந்து கடினமானது வரை அந்தத் திண்டிவனத்துப் பெண்ணே வரிசைப்படுத்தி எழுதினாள். தர்பூசணி கடைசி வரி. முதலில் நெடுஞ்சாலை ஓரத்துப் பழக்கடை முன்னால் நின்றோம். வேறொரு நாள் துண்டு வாங்கிக் கையில் வைத்திருந்தாள். கடிக்கச் சொல்லி நான் அவசரப்படுத்தவில்லை. சாறு முழங்கை வரை வழிந்தது. துடைக்கத் துணி கேட்டாள், அப்புறம் பார்த்துக்கலாம் என்றேன். "நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா" என்றாள். "அடிக்கட்டும், அதோடயே நில்லு" என்றேன். கடைக்காரர் அடுத்த பழத்தை அறுத்து முடிப்பதற்குள் நுனியைக் கடித்துவிட்டாள். பஞ்சு பையிலேயே இருந்தது. கடித்ததும் பாராட்டு மழை பொழியாமல், பரீட்சை பற்றிப் பேசிக்கொண்டே நடந்தோம். சாப்பிடுவது சாதாரண விஷயமாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கிடுகிடுவென எடை குறைவது, மயக்கம், மாதவிலக்கு நின்றுபோவது, கை கால் சில்லிடுவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென நிறையச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவமும் மனநலப் பிரிவும் உண்டு. நேரில் போகத் தயங்கினால் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் தாயோ தகப்பனோ பேசலாம்.