சாகாவரம் பெற எத்தனை வழிகள்?

மனிதன் கேட்கத் தொடங்கிய வரங்களுள் மிகப் பழமையானது சாகாவரமே எனலாம். அசுரர் தவமிருந்து அதைக் கேட்டனர். சித்தர் மூலிகையில் தேடினர். இன்றோ மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டும் இளைஞரும் அதையே கேட்கின்றனர். அவர்கள் கேட்பது தமக்காக அன்று. தாம் படைத்த கதைமாந்தருக்காக. அவ்விளையாட்டில் சாகாநிலை எவ்வாறு கிட்டுகிறது என்பதையும், நம் குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுக் கதைமாந்தர் அதனை எவ்வாறு பெற்றனர் என்பதையும் சேர்த்துப் பார்ப்போமா?

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். நம் பரமபதத்தைப் போல இதில் கட்டம் கட்டமாக ஏறிச் செல்வதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருத்தி வாள்வீரி, ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றொருவர் கதையை நடத்துகிறார். "குகைக்குள் நுழைகிறேன்" என்று நாம் வாயால் சொன்னால் போதும். என்ன நேர்ந்தது என்பதை அவர் சொல்வார். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் தாயக்கட்டைக்கு நான்கே முகங்கள். அவர்களுடைய பகடைகளுள் ஒன்றுக்கு இருபது முகங்கள்! பாத்திரத்தின் பெயர், வலிமை, உடைமை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைக்கப்படும். பாத்திரம் இறந்தால் அந்தத் தாள் பயனற்றதாகிவிடும். ஆண்டுக்கணக்கில் ஆடி வளர்த்த பாத்திரத்தை இழக்க யாருக்கு மனம் வரும்? ஆகவேதான் சாகாவரத்தைத் தேடும் வேலை தொடங்கிற்று.

1985ஆம் ஆண்டில் வந்த விதிநூல் ஒன்று இதற்கு முறையாக நான்கு வழிகளை வகுத்தது. முப்பத்தாறு படிகள் வரை ஏறக்கூடிய பெருவீரர்களுக்கே இவ்வழிகள் திறக்கும். ஓர் அரசை நிறுவிப் பரம்பரையை நிலைநாட்டுவது ஒரு வழி. அரும்பொருளொன்றைத் தேடியடைந்து காவியத் தலைவராவது இன்னொன்று. மந்திரக் கலையில் இணையற்றவராவது மூன்றாவது. பல்வேறு வகை வீரர்களாக மீண்டும் மீண்டும் முதலிலிருந்து வாழ்ந்து காட்டுவது நான்காவது. நான்கிலும் ஒரு பொதுவிதி உண்டு. ஏற்கெனவே சாகாநிலை எய்திய ஒருவர் நமக்குத் துணை நிற்க வேண்டும். சிபாரிசு இல்லாமல் அங்கேயும் வேலை நடக்காது போலும்! நான்காவது வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எட்டிய உயரத்தை விட்டு இறங்கி, ஒன்றும் தெரியாதவளாய்த் திரும்பவும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்கு வாள் வீசுவதைவிட அதிகத் துணிவு வேண்டும் அன்றோ?

இவை நேர்வழிகள். குறுக்குவழியும் ஒன்று உண்டு. 'லிச்' எனப்படும் மந்திரவாதி தன் உயிரை உடலிலிருந்து பிரித்து ஒரு பேழையில் மறைத்து வைக்கிறான். உடலை வெட்டினாலும் அவன் சாவதில்லை. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பத்து முகப் பகடையை உருட்டி வரும் எண்ணிக்கையான நாள்களில் அவனுக்குப் புதிய உடல் கிடைத்துவிடும். இது நமக்குப் புதிய செய்தியா? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளியின் கழுத்திலே உயிரை வைத்திருக்கும் மந்திரவாதியின் கதையைக் கேட்காமல் நம்மில் யார் உறங்கியிருக்கிறோம்? ரஷ்ய நாட்டுக் கதையில் கோஷ்சேய் என்பவனின் சாவு ஓர் ஊசியின் நுனியில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள்! எல்லா நாட்டுப் பாட்டிமாரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலும்.

ஆனால் விளையாட்டின் விதி ஒரு நுட்பமான விலையை வைத்திருக்கிறது. லிச் தன் பேழைக்குப் பிறர் உயிர்களை இரையாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் உடல் உதிர்ந்து மண்டையோடு மட்டுமே மிஞ்சும். வரத்துக்குள் ஒரு பொறி இருப்பது பழங்கதைகளின் வழக்கமும் ஆகும். இரணியன் வரம் கேட்பதில் ஒரு வக்கீலைப் போன்றவன். பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளும் புறமும் கூடாது என்று ஒவ்வொரு வாசலாக அடைத்தான். அந்திப்பொழுதையும் வாசற்படியையும் மறந்தான். கிரேக்கக் கதையில் டித்தோனஸ் என்பவனுக்குச் சாகாவரம் கிடைத்தது, மாறா இளமை கிடைக்கவில்லை. அவன் முதுமையடைந்து, சுருங்கி, கடைசியில் சில்வண்டு ஆனானாம். அசுவத்தாமனுக்கோ சாகாமை என்பது சாபமாகவே தரப்பட்டது. சிரஞ்சீவிகள் எழுவர் என்று பட்டியலிடும்போது அவன் பெயரையும் நாம் சேர்த்தே சொல்கிறோம். ஆறாத புண்ணோடு அலைகின்ற அவனைப் போல் யார் வாழ விரும்புவார்?

மருந்து வழியும் உண்டு. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருந்துவாழ் மலை, அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது நம் மாவட்டத்தார் எல்லாரும் அறிந்த செய்தி. ஆயினும் மருந்தைப் பற்றிய கதைகளில் என் மனத்தைத் தொட்டது நெல்லிக்கனியின் கதையே. எட்டுதற்கரிய மலைப் பிளவிலிருந்து பெற்ற அக்கனியை அதியமான் நெடுமான் அஞ்சி தான் உண்ணவில்லை. அதன் பெருமையையும் சொல்லாமல் ஔவைக்குத் தந்தான். புறநானூற்றின் 91ஆம் பாடல் இதைக் கூறுகிறது. இதுவரை பாடநூலிலும் வருகிறது. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதியமான் போரில் மாண்டான். அவனுக்காக ஔவை பாடிய கையறுநிலைப் பாடல்களும் அதே புறநானூற்றில் இருக்கின்றன. கனியைக் கொடுத்தவன் போய்விட, உண்டவள் இருந்து அழுதாள். இன்னொருவரை இழக்கும் காலம் நீள்வதும் நீண்ட ஆயுளின் ஒரு பகுதியே.

இனி நம் ஊர்ப் பக்கத்து வழிக்கு வருவோம். வில்லுப்பாட்டை நீங்கள் கோயில் கொடைகளில் பார்த்திருப்பீர்கள். மணிகள் கட்டிய பெரிய வில்லை வீசுகோலால் தட்டிப் புலவர் பாட, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்கும். சுப்பு ஆறுமுகம் (1928-2022) போன்ற கலைஞர்கள் இதனை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டு சென்றனர். ஆனால் இதன் சொந்த வீடு கொடைவிழாவே. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நம் பகுதியில் தங்கி இக்கலையை ஆராய்ந்து 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். வில்லுப்பாட்டுக் கதைகளை அவர் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என இரண்டாகப் பிரிக்கிறார். தெய்வமாகவே பிறந்தோர் முதல் வகை. மனிதராகப் பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டு, அதன்பின் தெய்வமானோர் இரண்டாம் வகை.

இரண்டாம் வகையினரே நம் கட்டுரைக்கு உரியவர். அவர்கள் நடக்கும் பாதை ஏறக்குறைய ஒன்றே. கொலையுண்ட உயிர் கயிலைக்குச் செல்கிறது. சிவனிடம் வரம் கேட்கிறது. வரத்தோடு மண்ணுக்குத் திரும்பிப் பழி தீர்க்கிறது. அஞ்சிய ஊரார் பீடம் கட்டிக் கொடை கொடுக்கின்றனர். கதை பாடப்படும்போது உச்சமான கட்டத்தில் சாமியாடி மீது அத்தெய்வம் வந்து இறங்குகிறது. மேலைநாட்டார் மேசையருகே வேடம் ஏற்கின்றனர். இங்கோ வேடம் வந்து ஆளை ஏற்றுக்கொள்கிறது! கொடையை விளையாட்டு என்று நான் கூறவில்லை, அது வழிபாடு. ஆனால் இறந்த ஒருவரைப் பேச வைப்பதற்கு மனிதர் எத்தனை ஏற்பாடு செய்கிறார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்தணனாகப் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்களை மணக்கிறான். அதற்காகப் பூணூலைக் கழற்றுகிறான்; தானே செருப்புத் தைக்கக் கற்கிறான். பின்னர் மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு போரிட்டு மடிகிறான். இன்றும் பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாகிய அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகின்றனர். அடுத்த ஆண்டு பார்க்கும்போது அவை நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. பொன்னும் பூவும் வேண்டாது தேய்ந்த செருப்பைக் கேட்கும் சாகாநிலை உலகில் வேறெங்கு உண்டு?

இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை வேறு. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படைக்கும் வேணாட்டுப் படைக்கும் கணியாகுளத்தில் நடந்த போரில் உயிர்நீத்த படைத்தலைவன் அவன். தீக்கனவு கண்டு வீட்டார் தடுத்தும் கேளாமல் போர்க்களம் சென்றான் என்று கதைப்பாடல் கூறும். நம் களியக்காவிளைக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் முதல் நம் ஊர் ஓரத்தில் மாநில எல்லை ஓடுகிறது. பேருந்துகளும் சோதனைச் சாவடியும் அந்த எல்லையை அறியும், பாட்டு அறியாது. இதே இரவிக்குட்டிப் பிள்ளையின் போர்ப்பாட்டும், நீலியின் கதையும் அந்தப் பக்கத்தில் 'தெக்கன் பாட்டுகள்' என்ற பெயரில் மலையாள இலக்கியமாகப் போற்றப்படுகின்றன. இரண்டு மொழிகளும் ஒரு வீரனைத் தமக்குரியவன் என்று சொல்லும்போது அவன் எப்படிச் சாவான்?

நீலி என்றதும் ஓர் ஐயத்தை இங்கே எழுப்ப வேண்டியிருக்கிறது. நீலி கணவனால் கொல்லப்பட்டவள். மறுபடி வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியோரிடம் வழக்குரைத்துப் பழி வாங்கியவள். பொன்னிறத்தாள் புதையலுக்காகக் கள்வரால் பலியிடப்பட்ட கர்ப்பிணிப் பெண். இருவருக்கும் இன்று கதை உண்டு, பாட்டு உண்டு. பட்டனும் பிள்ளையும் தாமே வாளெடுத்துப் போய் மாண்டார்கள். பெண்களுக்கோ அந்தத் தெரிவே இல்லை. கொல்லப்பட்டால்தான் அவர்களுக்குச் சாகாவரம். உயிரோடு இருந்தபோது அவர்கள் சொல்லை யார் கேட்டார்? பீடத்துக்குக் காட்டும் மரியாதையில் பாதியை வீட்டுக்குள்ளேயே காட்டியிருந்தால் நீலிக்குக் கள்ளிக் கொம்பு தேவைப்பட்டிராது. இவ்வகையில் அந்த அமெரிக்க விளையாட்டு நமக்குச் சற்று நியாயமாக நடந்துகொள்கிறது. நான்கு வழிகளுள் எதிலும் பெண் முதலில் கொலையுண்ண வேண்டும் என்ற விதி இல்லை. நம்மவருள் ஔவை ஒருத்திக்கே கனியும் கிடைத்தது, உயிரோடிருந்து பேசும் உரிமையும் கிடைத்தது. அவள் பாடத் தெரிந்தவளாக இருந்ததே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சாகாவரம் பெற்றவரும் உண்மையில் ஒருவகையில் இறக்கக்கூடும். விளையாடுவோர் கூடுவதை நிறுத்திவிட்டால், முப்பத்தாறாம் படியிலுள்ள வீரனும் மேசை இழுப்பறையில் மடித்த தாளாகக் கிடப்பான். கொடை நின்றுபோன ஊரிலும் பீடம் இருக்கும், கதை இராது. புலவரின் ஏட்டைக் கறையான் தின்றுவிட்டால், கயிலை வரை சென்று வரம் வாங்கியவரும் என்ன செய்ய இயலும்?

ஆதலால் அந்த விதிநூலுக்கு ஐந்தாவது வழி ஒன்றை நான் எழுதிப் பார்த்தேன். அதற்கு 'வில்லடி வழி' என்று பெயரிட்டேன். பாத்திரம் இறந்தபின், அதைப் படைத்தவள் வாய் திறக்கக் கூடாது. உடன் ஆடிய இருவர் அதன் கதையைப் பிறப்பு முதல் இறப்பு வரை நினைவிலிருந்து சொல்ல வேண்டும். இருவரும் ஒரு நிகழ்ச்சியையாவது ஒன்றுபோலச் சொன்னால் பாத்திரம் வரத்தோடு திரும்பும். கொல்லப்படாமல், முதுமை வரை வாழ்ந்து இறந்த பாத்திரத்துக்கும் இவ்வழி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும்; சொல்லத் தவறிய ஆண்டில் வரம் நீங்கும். பகடை இதற்குத் தேவையில்லை.