கைபேசியில் ஒரு விமானப்படை

படைக்கு ஆள் சேர்க்கச் சுவரொட்டி ஒட்டுவதை அறிவோம். விளையாட்டையே அதற்குப் பயன்படுத்தியது அமெரிக்கத் தரைப்படை. ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்னும் கணினி விளையாட்டை 2002 ஜூலை 4இல் இலவசமாக வெளியிட்டு, 2022இல் நிறுத்தியது.

நம் இந்திய விமானப்படையும் 2014இல் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி ஸ்கைஸ்’, 2019 ஜூலை 31இல் ‘எ கட் அபவ்’ என இரு கைபேசி விளையாட்டுகளை வெளியிட்டது. இளைஞரைப் படையின்பால் ஈர்ப்பதே நோக்கம். இரண்டாவதில் விங் கமாண்டர் அபிநந்தனைப் போன்ற ஒரு வீரர் வருகிறார். அந்த மீசையைக்கூட விடவில்லை!

என் தம்பி அப்பாவின் கைபேசியில் அதை ஆடியபோது, ஒரே மாலையில் பத்து முறையாவது விமானம் நொறுங்கியது. உடனே மறுபடி பறந்தான். உண்மை அபிநந்தனோ, 2019 பிப்ரவரி 27இல் தம் மிக்-21 வீழ்த்தப்பட்டதும் பாரசூட்டில் குதித்துப் பாகிஸ்தானில் சிறைப்பட்டார். மார்ச் 1 இரவுதான் தாயகம் திரும்பினார். அதுவரை அவர் வீட்டார் உறங்கியிருப்பார்களா?

“பெண்கள் போர் விமானம் ஓட்ட முடியாது” என்றான் தம்பி. தவறு. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் அப்பணியில் சேர்ந்தனர். எனக்கும் அந்த ஆசை உண்டு. அதற்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து, தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வை எழுத வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.