காற்றைப் பங்கிட்டோர்

மிதிவண்டி ஒருவர் ஏறிச் செல்லும் ஊர்தி. அதனை இயக்கும் ஆற்றலும் அவ்வொருவருடைய கால்களிலேயே உள்ளது. ஆயினும், பலர் ஒன்றுகூடி நெடுந்தொலைவு செல்லும்போது, தனித்துச் செல்வோர் அறியாத உண்மை ஒன்று புலப்படும். அதனை நான் என் இளமையில், ஒரு மார்கழி நாளில் கற்றுக்கொண்டேன்.

மிதிவண்டியில் கூடிச் செல்லும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தில் 1878ஆம் ஆண்டிலேயே மிதிவண்டிப் பயணிகளுக்கென ஒரு சங்கம் தோன்றியது. அக்காலத்து வண்டியின் முன்சக்கரம் மிகப் பெரியது. பின்சக்கரம் மிகச் சிறியது. ஏறுவதும் இறங்குவதும் இடர் மிக்கனவாய் இருந்தன. சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் பாதுகாப்பான வண்டி 1885ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்தினார். அதன்பின் மிதிவண்டி எளியோர்க்கும் உரிய ஊர்தியாயிற்று. நம் நாட்டிலும் கூட்டுப் பயணங்கள் பல நடைபெறுகின்றன. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய நீலகிரிப் பயணம் அவற்றுள் ஒன்று. கோவை நகரிலும் விடுமுறை நாட்களின் விடியற்காலையில் குழுவாகச் செல்வோரைக் காணலாம். அத்தகைய குழு ஒன்றில் நானும் சேர்ந்திருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உக்கடத்தில் நாங்கள் பன்னிருவர் கூடினோம். பெரியகுளத்தின் மேல் பனி வெண்திரை போலப் படர்ந்திருந்தது. எங்கள் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். புறப்படுமுன் அவர் எங்களை நோக்கி, "நமக்கு விதிகள் மூன்று. சாலையின் இடப்பக்கமாகவே செல்லுதல் வேண்டும். முன்செல்பவர் குழியையோ கல்லையோ கண்டால் கைகாட்டிப் பின்வருவோர்க்கு அறிவித்தல் வேண்டும். நம்முள் மெல்லச் செல்பவர் எவரோ, அவருடைய வேகமே நம் அனைவருடைய வேகமும் ஆகும்" என்றார்.

மூன்றாம் விதி எனக்கு உவப்பளிக்கவில்லை. குழுவில் எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி தன் தந்தையுடன் வந்திருந்தாள். 'இவளுக்காக நாம் அனைவரும் ஊர்ந்து செல்வதா?' என்று எண்ணினேன்.

மேற்கு நோக்கிப் புறப்பட்டோம். வீட்டு வாயில்களில் பெண்கள் கோலமிட்டுச் சாணத்தில் பூசணிப் பூவைச் செருகிக்கொண்டிருந்தனர். பேரூரை அடைந்தபோது பட்டீசுவரர் கோயிலிலிருந்து மணியோசை கேட்டது. அவ்வூரைக் கடந்ததும் நகரின் சந்தடி குறைந்தது. மாதம்பட்டியைத் தாண்டியபின் இருபுறமும் தென்னையும் பாக்கும் வாழையும் செழித்து நின்றன. இடையிடையே மஞ்சள் வயல்களும் சின்ன வெங்காயப் பாத்திகளும் காணப்பட்டன. எதிரே வெள்ளியங்கிரி மலைத்தொடர் கருநீலமாய்த் தோன்றியது. நொய்யலாறு பிறப்பது அம்மலைகளிலேதான். அது கிழக்கு நோக்கிப் பாய்ந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, காவிரியில் கலக்கிறது.

சாலை சிறிது ஏற்றமாயினும் வண்டி எளிதாகவே ஓடியது. என் கால்களின் வலிமையே அதற்குக் காரணம் என்று கருதினேன். ஆலாந்துறையை நெருங்கும்போது பொறுமையிழந்து, குழுவை விட்டு முன்னே விரைந்தேன். பெரியவர் அழைத்த குரல் செவியில் விழுந்தும் நிற்கவில்லை. நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இருட்டுப்பள்ளத்தை முதலில் அடைந்து, பெருமிதத்துடன் நின்றேன். நெடுநேரம் கழித்தே மற்றவர்கள் வந்தனர். பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, வெயில் ஏறுமுன் திரும்புவோம்" என்று மட்டும் கூறினார்.

திரும்பும் வழி இறக்கம். ஆகவே, வருத்தமின்றிச் சென்றுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. கிழக்கிலிருந்து காற்று முகத்தில் மோதியது. மிதிக்க மிதிக்க வண்டி நகர மறுத்தது. காலையில் வீணே செலவிட்ட வலிமை இப்போது கைகொடுக்கவில்லை. சிறிது தொலைவிற்குள் நான் அனைவருக்கும் பின்தங்கினேன். கால்கள் நடுங்கின, நாணத்தால் தலை தாழ்ந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது வியப்புற்றேன். முன்சென்ற பதினொருவரும் தம் வேகத்தைக் குறைத்திருந்தனர். எவரும் என்னைப் பார்த்து நகைக்கவில்லை. அச்சிறுமி திரும்பி நோக்கி, "அண்ணா, என் பின்னே வாருங்கள், காற்று அவ்வளவாகத் தெரியாது" என்றாள். பெரியவர் புன்னகைத்தார். எங்கள் இருவரையும் வரிசையின் நடுவே வரச் செய்து, தாம் முதலிடத்தை ஏற்றார். சிறிது நேரத்தில் அவர் விலகிப் பின்னே வர, இரண்டாமவர் முன்சென்றார். பின்னர் மூன்றாமவர் அவ்விடத்தை ஏற்றார். இவ்வாறு மாறிமாறிக் காற்றைத் தாங்கினர். அவர்களுடைய நிழலில் என் மூச்சு சீராயிற்று.

வழியில் ஒரு கிளைச்சாலையாகச் சென்று, நொய்யலின் மீதுள்ள சித்திரைச்சாவடி அணைக்கட்டில் இளைப்பாறினோம். அங்கே நான் பெரியவரிடம், "ஐயா, காலையில் இல்லாத காற்று இப்போது எங்கிருந்து வந்தது?" என்று வினவினேன்.

"காலையிலும் இருந்தது, தம்பி. மெல்ல வீசி உன்னை முதுகில் தள்ளியது. ஆகவே நீ அறியவில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடித் திங்களில் அதன் வழியே மேல்காற்று நம் நாட்டில் புகுகிறது. மார்கழி, தைத் திங்களில் கீழ்க்காற்று அவ்வழியே மேற்கு நோக்கிச் செல்கிறது. வெயில் ஏற ஏற அது வலுக்கும். கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்றும் மேல்காற்றுக்குக் கோடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். எதிர்க்காற்று இல்லாத நாளிலும், வண்டியின் வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். முன்னே ஒருவர் அதனைத் தாங்கினால், நெருங்கிப் பின்வருபவருக்கு உழைப்பில் நான்கில் ஒரு பங்கேனும் குறையக்கூடும்" என்றார்.

பிறகு அவர் வாய்க்காலைச் சுட்டிக்காட்டினார். "இந்நீர் எங்கே செல்கிறது, பார். வழியிலுள்ள வயல்களை நனைத்துவிட்டு நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி முதலிய குளங்களை அடைகிறது. மேலுள்ள குளம் நிறைந்தபின் மிகுந்த நீரைக் கீழுள்ள குளத்துக்கு விடுகிறது. மேற்குளம் தனக்கே என்று தேக்கிக்கொண்டால் கீழ்க்குளம் வறண்டுபோகும். மேற்குளத்தின் கரையும் உடையும். உன் வலிமையும் அத்தகையதே. அது முன்னே ஓடிப் பெருமை கொள்வதற்கன்று; முன்னே நின்று காற்றைத் தாங்குவதற்கே" என்றார்.

நான் மறுமொழி கூறவில்லை. மீண்டும் புறப்பட்டபோது, "ஐயா, சிறிது தொலைவு நான் முன்செல்கிறேன்" என்றேன். கால்கள் இன்னும் தளர்ந்தே இருந்தன. ஆயினும், பேரூர்க் கோபுரம் கண்ணில் படும்வரை என்னால் இயன்ற அளவு முதலிடத்தில் சென்றேன். அடிக்கடி திரும்பிப் பார்த்து, அச்சிறுமியின் வேகத்திற்கு என் வேகத்தைப் பொருத்திக்கொண்டேன். உக்கடத்தை நாங்கள் பன்னிருவரும் ஒன்றாகவே அடைந்தோம்.

மாணவர்களே! வகுப்பிலும் விளையாட்டிலும் வாழ்விலும் உங்களுள் சிலர் விரைந்து செல்வீர்கள். சிலர் மெல்ல வருவீர்கள். முதுகில் காற்று வீசும் வேளையில் அதனை நம் வலிமை என்று எண்ணி மயங்குதல் எளிது. அக்காற்றே எதிர்த்து வீசும் நாளும் வரும். இன்று ஒருவருக்கு நிழலாகச் செல்பவர், நாளை மற்றொருவரின் நிழலில் இளைப்பாற நேரலாம். இதனை மறவாதவரே நல்ல துணைவர் ஆவர்.

பயிற்சி

1. குழுத்தலைவர் கூறிய மூன்று விதிகள் யாவை?
2. செல்லும்போது எளிதாக ஓடிய வண்டி, திரும்பும்போது நகர மறுத்தது ஏன்?
3. குளங்களின் நீரைக் காட்டிப் பெரியவர் உணர்த்திய உண்மை யாது?