மண்ணும் மாரியும் சைக்கிள் வழியும்

மலைச்சரிவிலே சைக்கிளோட்டுதல் இன்று உலகறிந்த விளையாட்டு. கலிபோர்ணியாவில், தமல்பாயிஸ் மலைக்கருகே, 1976இல் இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களில் மண்வழியே இறங்கிப் போட்டியிட்டனர். அடிவாரம் சேருமுன் பின்சில்லின் தடையிலிருந்த கிறீஸ் சூடேறிப் புகைந்துபோம். புதுக் கிறீஸ் இட்டே மறுமுறை இறங்கலாம். 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கிலும் இவ்விளையாட்டு இடம்பெற்றது. சொறிக்கல்முனையில் மலை ஏது எனின், மலையில்லை, மண் உண்டு. அம்மண் சில்லுக்குச் செய்வது எங்கும் ஒன்றே.

கல்முனைக் கடற்கரையை நோக்குவாம். உலர்ந்த மணலில் மணிகள் ஒன்றையொன்று பற்றா, சில்லு புதையும். ஈரமணலிலோ மணிகளுக்கிடையேயுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றைப் பிணைத்து நிறுத்தும். நீர் மிகுந்து இடைவெளியெல்லாம் நிரம்பின் அப்பிணைப்பு அற்றுப்போம்.

கிட்டங்கி கடந்து சொறிக்கல்முனை, நாவிதன்வெளி வயல்வழிகளை அடையின் நிலைமை தலைகீழ். களித்துகள் 0.002 மில்லிமீற்றரினும் சிறியது, தட்டையானது. நீரேறின் ஒன்றன்மேலொன்று வழுக்கும். சேறு ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையே அடைந்துவிட்டால், நம்மைச் சுமக்கவேண்டிய வண்டியை நாமே சுமப்போம்! கச்சான் வீசும் மாதங்களில் அதே வழி இறுகி வெடிக்கும். ஈரத்தில் உழவு இயந்திரம் பதித்த சுவடு அவ்வாறே காய்ந்து நிற்க, அதில் விழுந்த முன்சில்லு திரும்ப மறுக்கும். ஆதலின் நனைந்த களியில் ஓடாதிருத்தல் வழிக்கும் நன்று. கிறவல் வீதி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

மலையில் நேர்கீழாக வெட்டிய வழி, மழையில் ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே, வெளிப்புறம் சற்றுச் சாய்த்து வெட்டியதே நிலைக்கும். நம் சமதரையிலோ நீர் போக்கிடமின்றித் தேங்கும். வழியின் நடுவை உயர்த்தி இருமருங்கும் வாய்க்கால் விடுதலே இங்கு ஏற்றது. வாய்க்காலை மண்மூட விட்டபின் வீதியைப் பழித்தல் முறையன்று.

மாணாக்கர் இனிக் கூறுவதைக் கூர்ந்து நோக்குக. வடகீழ்ப் பருவமழையில் கிட்டங்கித் தாம்போதி பன்முறை நீரில் மூழ்கியமை யாவரும் அறிந்ததே. ஓடும் நீரின் வேகம் இருமடங்காயின் அது தள்ளும் விசை நான்மடங்காகும். நீரின் மிதப்பு விசையோ வண்டியின் பாரத்தைக் குறைத்து, ரயரின் பிடியைத் தளர்த்தும். முழங்காலளவுதானே என்பார் இதனை எண்ணார். 2024 நவம்பர் 26ஆந் திகதி, மாவடிப்பள்ளியருகே வெள்ளம் மேவிய வீதியில் உழவு இயந்திரமே புரண்டு, மத்ரசா மாணவர் உயிரிழந்தனர். உழவு இயந்திரம் நில்லாத நீரில் சைக்கிள் எம்மாத்திரம்? அன்று பாடம் தவறினால் மறுநாள் நாம் கற்பிப்போம்.

வெள்ளம் வடிந்தபின்னும் வீதியோரத்தின் அடிமண் அரிக்கப்பட்டிருத்தல் கூடும். மேற்பரப்பு அதனைக் காட்டாது. சிலநாள் நடுவழியே சைக்கிளை உருட்டிச் செல்க.