கழிவுநீர் பாயும் வயலுக்கு யூரியா அளவோடு

நாஞ்சில் நாட்டுப் பழையாற்றில் நாகர்கோவில் நகரின் கழிவுநீர் கலக்கிறது. இந்நீரில் தழைச்சத்து உண்டு. இது பாயும் வயலில் வழக்கமான அளவு யூரியாவும் இட்டால், நெற்பயிர் கரும்பச்சையாகச் செழித்து, புகையானுக்கும் குலைநோய்க்கும் இலக்காகும். கதிர் முற்றுமுன் சாய்ந்து பதராகும்.

எனவே, நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, 10 பயிர்களின் மேலிருந்து முதலாவதாக முழுதும் விரிந்த இலையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். அம்பை 16 போன்ற இரகங்களில் 6 இலைகளாவது 4-ஆம் எண் நிறத்துக்குக் குறைந்திருந்தால் மட்டுமே யூரியா மேலுரம் இடலாம்.

பச்சையாக உண்ணும் வெள்ளரி, கொத்தமல்லிக்கு இந்நீர் கூடாது. நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் ஒட்டிக்கொள்ளும். சேற்றில் இறங்கியவர்கள் சோப்பிட்டுக் கைகால் கழுவிய பிறகே உண்ண வேண்டும்.

உரத்தை உழவர் குறைக்கலாம். கிருமிகளை நகரிலேயே சுத்திகரித்துத்தான் நீக்க முடியும்.